இருக்கிறதை வச்சு இரவுச் சாப்பாடு: கெட்டித்தனமோ, தலையிடியோ?

முருங்கையடி | பின்னேரம் 5.40
நேற்று முழுக்க மழை. யாழ்ப்பாணம் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் ஒருத்தரும் போகேல்லை. குசினியில தேடினா காலமை மிஞ்சின புட்டு, இரண்டு முட்டை, பாதி லீக்ஸ், ரின்மீன் கொஞ்சம். வெங்காயமும் செத்தல்மிளகாயும் வதக்கி, மீனை உதிர்த்துப் போட்டு, முட்டையை உடைச்சு ஊத்தி, புட்டைக் கொட்டிப் பிரட்டினன். இருபது நிமிசம். அஞ்சு பேர் சாப்பிட்டுச் சட்டியையும் வழிச்சாச்சு. எங்கட மனிசி ஞாயிற்றுக்கிழமையில கொப்பியோட இருந்து ஏதோ எழுதுவா, அதைப் பார்த்துத்தான் கிழமை முழுக்கச் சமையல். தேவையில்லாத வேலை எண்டு நான் சொல்லுறன். அம்மா ஒருநாளும் கொப்பி வச்சுச் சமைச்சவ இல்லை. கண் பார்க்கும், கை செய்யும். நீங்கள் என்ன சொல்லுறியள்?

கணக்குப்பிள்ளை | 5.52
புட்டு ஆர் அவிச்சது அண்ணை?

முருங்கையடி | 5.58
மனிசிதான். அதுக்கென்ன?

கணக்குப்பிள்ளை | 6.15
அதிலதான் எல்லாம் கிடக்கு. விடியப்பறம் எழும்பி, வறுத்த மாவுக்கு அளவாச் சுடுதண்ணி விட்டுக் கொத்தி, தேங்காய் திருவி, அவிச்சு இறக்கினது ஒருத்தி. இருபது நிமிசம் எண்டு நீங்கள் எண்ணினது அதுக்குப் பிறகு. மா வறுத்துப் போத்தலில கிடந்தது, தூள் திரிச்சு வச்சிருந்தது, லீக்ஸ் வாங்கினது, இதெல்லாம் தன்பாட்டில நடந்ததோ? இருக்கிறதை வச்சுச் சமைக்கலாம் அண்ணை. இருக்க வேணுமே.

சாய்மனைக்கதிரை | 6.40
பிள்ளை, நீங்கள் சொல்லுறது எல்லாம் கடை திறந்திருக்கிற காலத்துக் கணக்கு. 90இல யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்தாப் பிறகு மண்ணெண்ணெய் ஜாம் போத்தல் விளக்குக்கே காணாது. அடுப்பில ஊமலும் பன்னாடையும் எரிஞ்சுது. மா கிடைச்சா மா, இல்லாட்டிக் குரக்கன், அதுவும் இல்லாட்டி ஒடியல், காயவச்ச பனங்கிழங்கு. வேலியில முருங்கை நிண்டதால தப்பினம். சங்கக்கடைக்கு (கூட்டுறவுக் கடை) நாளைக்கு என்ன வரும் எண்டு ஆருக்கும் தெரியாது, கொப்பியில எதை எழுதுறது? 2006 ஆகஸ்டில யாழ்ப்பாணத்துக்கு வாற ஏ9 பாதையைப் பூட்டினாப் பிறகும் அதே கதை. ஒடியல்கூழே அப்பிடி வந்த சாப்பாடுதானே. கையில அம்பிட்டதைப் பானைக்குள்ள போட்டது.

கணக்குப்பிள்ளை | 7.05
ஐயா, தடைக்காலத்தில நானும் பிள்ளை. அதில உங்களோட எனக்கு வழக்கில்லை. ஆனா கூழை விட்டுக்குடுக்க மாட்டன். பனங்கொட்டையைப் பாத்தியில அடுக்கி, தை மாசியில கிழங்கு கிண்டி, கிழிச்சுக் காயவச்சு, இடிச்சு மாவாக்கி வச்ச ஆக்களுக்குத்தான் மழைநாளில கூழ். நாலைஞ்சு மாச வேலை அது, அம்பிட்டது இல்லை.

என்ர கதை ஒண்டு சொல்லுறன், சொல்ல வெக்கமும்தான். ஒருநாள் இரவு எட்டு மணி இருக்கும். நண்டு, இறால், பயித்தங்காய், பிலாக்கொட்டை எல்லாம் கொதிக்குது. மாவை ஊறப்போட மறந்துபோனன். சமாளிப்பம் எண்டு அப்பிடியே கரைச்சு விட்டன். முதல் வாயிலயே மகன் முகத்தைச் சுளிச்சான். நான் ருசி பார்த்தா நாக்கின்ர அடி மட்டும் கசப்பு. பழப்புளி கூட்டினன், மிளகாய் கூட்டினன், கசப்பு அசையேல்லை. ஒடியல் மாவை நிறையத் தண்ணியில கரைச்சு வச்சு, மா அடியில படிஞ்சாப் பிறகு மேல்தண்ணியை ஊத்திவிட வேணும், அதையும் இரண்டு மூண்டு தரம் செய்ய வேணும் எண்டு அம்மம்மா எத்தினை முறை சொன்னவ! நண்டோட சேர்த்து முழுப்பானையும் வளவுக் கிடங்குக்குள்ள போச்சு. அண்டைக்கு இரவு பாணும் சம்பலும்.

சாய்மனைக்கதிரை | 7.12
நண்டை எறிஞ்சனீங்களோ! கழுவி எடுத்துப் பிரட்டியிருக்கலாமே.

ரொறன்ரோப்பனி | 7.20
நாங்கள் இங்க ஒரு சனிக்கிழமையில நாலு கறி காய்ச்சி டப்பாவில போட்டு பிரீசரில வச்சிடுவம். இரண்டு கட்சிக்கும் சண்டையில்லை.

முருங்கையடி | 7.24
தம்பி, இங்க கரண்ட் பில் ஆர் கட்டுறது? மீன்குழம்பை ஒரு மாசம் உறைய வச்சுத் தின்னுறதுக்குப் பேர் யாழ்ப்பாணச் சமையலோ? பாசையூர் மீன் காலமை வந்தா இரவைக்கு முள்ளுத்தான் மிஞ்ச வேணும்.

மருந்துப்பெட்டி | 7.45
ஒரு விசயம் ஒருத்தரும் சொல்லேல்லை, சோறு. மத்தியானச் சோத்தை வெளியில வச்சு இரவு பிரட்டுறவை கவனம். அரிசியில இருக்கிற ஒருவகைக் கிருமியின்ர வித்துகள் கொதிச்சாலும் சாகாது. சூட்டோட மணிக்கணக்கா வெளியில கிடந்தா அது பெருகி நஞ்சு விடும், அந்த நஞ்சு திருப்பிச் சூடாக்கினாலும் போகாது. ஆறவிட்டு இரண்டு மணித்தியாலத்துக்குள்ள பிரிஜ்ஜில வையுங்கோ. மிஞ்சினதை வச்சுச் சமைக்கிறது நல்லது, ஆனா எப்ப இருந்து மிச்சம் எண்டு தெரிய வேணும்.

சாய்மனைக்கதிரை | 7.58
அப்பாச்சி பழஞ்சோத்துக்குள்ள தயிரும் பச்சைமிளகாயும் சின்ன வெங்காயமும் போட்டுக் குழைச்சு, சுத்தி இருக்கிற எங்களுக்கு உள்ளங்கையில ஒவ்வொரு உருண்டை வைப்பா. ஒருத்தரும் சாகேல்லை டொக்டர்.

மருந்துப்பெட்டி | 8.01
நான் டொக்டர் இல்லை ஐயா. அப்பாச்சி தண்ணி ஊத்திப் புளிக்க வச்சிருப்பா, அது வேற. நான் சொன்னது சட்டியில மூடி வச்ச சோறு.

முருங்கையடி | 8.10
எல்லாரும் சுத்திச் சுத்திக் கதைக்கிறியள். 2022 பொருளாதார நெருக்கடியை நினைச்சுப் பாருங்கோ. செப்டெம்பரில கொழும்பு விலைச்சுட்டெண்ணில உணவு விலை முந்தின வருசத்தை விட 95 வீதமளவில ஏறிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை எழுதின கறிக்குச் செவ்வாய்க்கிழமை காசு காணாது. அப்ப சமாளிச்சவை ஆர்? கொப்பி எழுதினவையோ, கைக்குள்ள கிடந்ததை வச்சுச் சமைச்சவையோ?

கணக்குப்பிள்ளை | 8.22
கொப்பி எழுதினவை. காஸ் சிலிண்டர் இல்லாத அந்த மாசங்களில ஒருக்கா விறகு மூட்டினா, சோறு வடிச்சு, அந்தத் தணலில பருப்பு அவிச்சு, சாம்பலுக்குள்ள கத்தரிக்காயும் சுட்டெடுப்பம். எது முதல், எது பிறகு எண்டு அடுப்பு மூட்ட முதலே தெரியாட்டி விறகு வீண்.

கொப்பிக்காரி | 8.31
எனக்கு இதை அனுப்பினது எங்கட தங்கச்சி. இஞ்சேருங்கோ முருங்கையடி, உங்கட மனிசிதான் எழுதுறன்.

அந்த முட்டை இரண்டும் சின்னவளின்ர பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கு வச்சது. இண்டைக்குக் காலமை அவள் வெறும் பாணும் சீனியும் கொண்டு போனவள். லீக்ஸ் இண்டையான் பருப்புக்கு. அது இல்லாம இப்ப நான் என்ன செய்யிறது எண்டு யோசிச்சுக்கொண்டு நிக்கிறன், நீங்கள் போனோட சாய்ஞ்சு கிடக்கிறியள்.

மற்றது, அந்தக் கொப்பியை ஒருநாளாவது திறந்து பார்த்தனீங்களோ? அதில ஏழு நாள் கறி எழுதிக் கிடக்கெண்டு ஆர் சொன்னது? என்ன முதல் பழுதாகும் எண்டுதான் எழுதிக் கிடக்கு. "கீரை, இண்டைக்கு. தக்காளிப்பழம் நாலு, கனிஞ்சுபோச்சு, புதனுக்குள்ள. தேங்காய்ப்பாதி, நாளைக்கு." நானும் இருக்கிறதை வச்சுத்தான் சமைக்கிறன். என்ன இருக்கு எண்டு எனக்குத் தெரியும், அதுதான் வித்தியாசம்.

சாய்மனைக்கதிரை | 8.33
தம்பி, எழும்பி ஓடும்.

கணக்குப்பிள்ளை | 8.34
அக்கா, இவ்வளவு நேரமும் நான் உங்களுக்காகத்தான் கத்தினனான். ஆனா நானும் கறிப்பட்டியல் எண்டுதான் நினைச்சன்.

முருங்கையடி | 8.50
சரி. முட்டை பிழைதான், கேட்டிருக்க வேணும். லீக்ஸ் விசயத்தில இன்னும் எனக்கு மறுப்பிருக்கு, அது வாடிப்போய்த்தான் கிடந்தது. இரவுக்கு நான் இறங்குறன் எண்டு சொல்லியாச்சு. இடியப்பம் கடையில வாங்கலாம். வீட்டில தேங்காய்ப்பாதி, பச்சைமிளகாய், வெங்காயம், ஒரு தேசிக்காய். சொதி வைக்கப் போறன். கப்பிப்பாலில வெங்காயம் அவிஞ்சாச்சு, முதல்பாலும் விட்டாச்சு. தேசிக்காய் எப்ப விடுறது?

கணக்குப்பிள்ளை | 8.52
அடுப்பை நூத்து, இறக்கி, கொஞ்சம் ஆறினாப் பிறகு. கொதிக்கேக்க விட்டிடாதேங்கோ.

முருங்கையடி | 8.53
விட்டிட்டன்.

கொப்பிக்காரி | 8.55
திரைஞ்சுபோச்சு. சம்பல் இடிக்கிறன். கடைக்குப் போறவர் இரண்டு முட்டையும் வாங்கிக்கொண்டு வாங்கோ.