புதுப்பிப்பு: கோழிக் கூண்டில் கண் எரிந்த விஷயம்

ஐப்பசி மழைக்குப் பயந்து கூண்டைச் சுற்றித் தார்பாய் கட்டினேன், இப்போது காலையில் கதவைத் திறந்தால் கண் எரிகிறது, ரெண்டு கோழி தும்முகிறது, என்ன மருந்து கொடுக்கலாம் என்று கேட்டிருந்தேன் இல்லையா, அதன் தொடர்ச்சி இது. மருந்தே தேவைப்படவில்லை, தப்பு என்னுடையதுதான்.

விடியற்காலை டார்ச் அடித்துப் பார்த்தேன். பன்னிரண்டு கோழி ராத்திரி முழுக்க விட்ட மூச்சின் ஈரம் போக வழியில்லாமல், தகரக் கூரையின் அடியில் முத்து முத்தாகக் கோத்து, கீழே தரையில் பரப்பியிருந்த உமியில் சொட்டிக்கொண்டிருந்தது. ஈர உமியும் எச்சமும் சேர்ந்தால், கண்ணை எரிக்கும் அம்மோனியா வாயு வராமல் என்ன செய்யும்?

தார்பாயைக் கழற்றிவிட்டு, கூரையை ஒட்டி இரண்டு நீளப் பக்கத்திலும் ஓரடி உயரத்துக்குத் திறந்து, அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) அடித்தேன். சூடான ஈரக்காற்று மேலே ஏறும், அதனால் வழியும் மேலேதான் இருக்கணும். (மெல்லிசான அறுகோண வலை மலிவுதான், ஆனால் நாய் பிய்த்துவிடும், வாங்காதீர்கள்.) கோழி அடையும் கட்டையைத் திறப்புக்கு ஒரு முழம் கீழே இறக்கினேன், இல்லாவிட்டால் ஊதக்காற்று நேரே கோழி மேல் அடிக்கும். சாரலுக்குக் கூரையை இரண்டடி நீட்டியாச்சு. ஈர உமியை அள்ளிவிட்டுப் புதுசு போட்டேன்.

எக்ஸாஸ்ட் ஃபேன் போடச் சொன்னவர்களுக்கு: வேண்டியிருக்கவில்லை.

மூன்று வாரமாகத் தகரம் காய்ந்தே இருக்கிறது, தும்மலும் நின்றுவிட்டது. ஒரே குறை, கூண்டைக் கிழக்கு மேற்காக நீளவாக்கில் கட்டாமல் தெற்கு வடக்காகக் கட்டித் தொலைத்தேன். சித்திரையில் நீளப் பக்கம் முழுக்க அடிக்கும் மேற்கு வெயிலுக்கு ஈரச் சாக்கு தொங்கவிட வேண்டியதுதான்.