போர்ட் ஃபார்வர்டிங் போட்டும் வெளியூரிலிருந்து கேமரா தெரியவில்லை

காரைக்குடிக்காரன்:
காரைக்குடி வீட்டில் அப்பா அம்மா மட்டும்தான், நான் ஓசூரில் வேலை. வாசல், கொல்லை, மாடிப்படி என்று கேமரா போட்டு, படத்தைப் பதிவு செய்யும் பெட்டியான ஒரு டிவிஆரில் இணைத்திருக்கிறேன். ஃபைபர் இணைப்போடு கொடுத்த பெட்டியின் வைஃபை பின்கட்டு வரை எட்டவில்லை. அதனால் அதிலிருந்து லான் ஒயர் இழுத்து, நடு அறையில் என் சொந்த ரூட்டரை வைத்தேன். டிவிஆரின் ஐபி 192.168.0.110. என் ரூட்டரில் 8000 போர்ட்டை அதற்கு ஃபார்வர்ட் செய்தாயிற்று, அதாவது வெளியிலிருந்து 8000 என்ற வாசல் எண்ணுக்கு வருவதை டிவிஆருக்கு அனுப்பச் சொல்லியாயிற்று. வீட்டு வைஃபையில் படம் வருகிறது, ஓசூரில் வரவில்லை. என் ரூட்டர் வான் (WAN) ஐபி 192.168.1.3 என்கிறது. ஃபைபர் பெட்டியில் 100.72 என்று தொடங்கும் ஒன்று. இணையத்தில் தேடினால் வேறொன்று. இதில் எதுதான் என் ஐபி?

மொட்டைமாடி:
ஃபைபர் பெட்டியில் டிஎம்இசட் (வெளியிலிருந்து வர்றதையெல்லாம் ஒரே கருவிக்கு அனுப்புற வசதி) ஆன் பண்ணி உங்க ரூட்டர் ஐபியைக் கொடுங்க. முடிஞ்சது.

கேமரா அண்ணாச்சி:
முடியாது. அந்த 100.72-ஐப் பார்த்த பிறகும் டிஎம்இசட் எதற்கு?

தம்பி, வான் என்பது ரூட்டரின் வெளிப்பக்கம், லான் வீட்டுப்பக்கம். உங்கள் ரூட்டரின் வான், ஃபைபர் பெட்டியின் லானில் செருகியிருக்கிறது. அதனால்தான் அங்கேயும் 192.168 வருகிறது. உள் ஐபியை வெளி ஐபியாக மாற்றி அனுப்புவது நாட் (NAT). அது உங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு தடவை நடக்கிறது. மூன்றாவது தடவை இணைய இணைப்பு கொடுக்கும் கம்பெனியில். அதன் பேர் சிஜிநாட். 100.64 முதல் 100.127 வரையுள்ள முகவரிகளை 2012-இல் இதற்கென்றே ஒதுக்கினார்கள். பழைய ஐபி முறையான ஐபிவி4-இல் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிதான், ஆகவே ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்கு போடுகிறார்கள். இணையத்தில் உங்களுக்குக் காட்டியது அதுதான். அந்த ஐபியின் 8000-க்கு வருவதை உங்கள் வீட்டுக்கு அனுப்பச் சொல்லும் விதி கம்பெனிக் கருவியில் இருக்க வேண்டும். அங்கே நாம் கை வைக்க முடியாது.

காசு கொடுத்து ஸ்டாட்டிக் ஐபி, அதாவது உங்களுக்கே உங்களுக்கான மாறாத பொது ஐபி, வாங்கலாம். வீட்டுக் கேமராவுக்கு அது தண்டச் செலவு. டிவிஆர் மெனுவில் பி2பி அல்லது கிளவுட் என்று இருக்கும். அதை இயக்கி, கியூஆர் கோடை ஆப்பில் ஸ்கேன் பண்ணுங்கள். டிவிஆரே உள்ளிருந்து வெளியே போய் சர்வரோடு பேசுவதால் போர்ட் திறக்கவே வேண்டாம். போட்ட ஃபார்வர்டிங்கையும் எடுத்துவிடுங்கள். பாஸ்வேர்டு இன்னும் 12345 என்றால் இன்றே மாற்றுங்கள். 2016-இல் மிராய் என்ற வைரஸ் உலகம் முழுக்க டிவிஆர்களைப் பிடித்தது இப்படிப்பட்ட பாஸ்வேர்டுகளை வைத்துத்தான்.

காரைக்குடிக்காரன்:
பி2பி வேலை செய்கிறது அண்ணாச்சி, வாசல் தெரிகிறது! வீட்டுக்குள் இரண்டு தடவை நடக்கும் நாட்-இல் (NAT) ஒன்றைக் குறைக்க முடியுமா? கரண்ட் போய் வந்தால் பிரிண்டர் ஐபி வேறு மாறிவிடுகிறது.

கேமரா அண்ணாச்சி:
உங்கள் ரூட்டரை ஏபி மோடுக்கு மாற்றுங்கள். அப்புறம் அது வைஃபை மட்டும் கொடுக்கும், எல்லாவற்றுக்கும் ஐபி கொடுப்பது ஃபைபர் பெட்டியின் டிஎச்சிபி, அதாவது தானாக ஐபி கொடுக்கும் வசதி. அதிலேயே பிரிண்டரின் மேக் முகவரிக்கு (கருவிக்கே உரிய அடையாள எண்) ஓர் ஐபியை ரிசர்வ் செய்துவிட்டால் மாறாது. டிவிஆரில் 192.168.0.110-ஐக் கையால் போட்டிருந்தால், முதலில் டிஎச்சிபிக்கு மாற்றிவிட்டு ரூட்டரைத் தொடுங்கள். இல்லாவிட்டால் அதற்கு நெட்டே போகாது, காரைக்குடிக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.