உதவி: ரீபூட் பண்ணினா ஈத்0 வேற கார்டுக்குப் போயிடுது

கருவண்டு:
அவசரம். லேப்டாப்ல லினக்ஸ். உள்ளேயே இருக்கிற நெட்வொர்க் கார்டு ஈத்0-ங்கிற பேர்ல (முதல் கார்டுக்கு லினக்ஸ் வைக்கிற பேர்) வரணும். சில சமயம் வருது, சில சமயம் ஈத்1 ஆயிடுது. ஃபயர்வால் ஸ்கிரிப்ட் ஈத்0-வை நம்பி இருக்கு. இந்தக் கார்டையே முதல்ல ஸ்டார்ட் ஆக வைக்கிறது எப்படி?

தறி:
எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை)? ரெண்டாவது கார்டு எது?

மின்மினி:
பயாஸ்ல பூட் ஆர்டர் பாருங்க. நெட்வொர்க் பூட் மேல இருந்தா கீழே தள்ளுங்க. நிச்சயம் அதுதான்.

தறி:
அந்த வரிசை சிஸ்டத்தை எங்கிருந்து ஏத்தணும்னு சொல்றதோட சரி. கார்டுக்குப் பேர் வைக்கிறதுல அதுக்குப் பங்கு இல்ல.

ஆலமரம்:
தேடிட்டுக் கேட்டிருக்கலாம், இது வருஷக்கணக்கா வர்ற கேள்வி. நிலையான வரிசைன்னு ஒண்ணு கிடையாது. டிரைவர்கள் ஒரே நேரத்துல ஏறும், முதல்ல தயாராகிற கார்டுக்கு ஈத்0. இதுக்காகத்தான் 2013-ல சிஸ்டம்டி (லினக்ஸ்ல சேவைகளை ஆரம்பிச்சு வைக்கிற மென்பொருள்) 197-ஆவது வெர்ஷன் புதுப் பெயர்முறை கொண்டு வந்தது. உங்களுக்கு இன்னும் பழைய பேர் வருதுன்னா கெர்னல் கமாண்ட் லைன்ல (பூட் ஆகும்போது லினக்ஸ் மையத்துக்குக் கொடுக்கிற வரி) அந்தப் புது முறையை நிறுத்துற நெட்.ஐஎஃப்நேம்ஸ்=0 இருக்கும். அடிப்படையைப் படிங்க.

கருவண்டு:
டெபியன், பழைய வெர்ஷன்லேர்ந்து அப்கிரேட் பண்ணிட்டே வந்தது. ஆமா, க்ரப்ல (லினக்ஸை பூட் பண்ற புரோகிராம்) அது இருக்கு. இன்னொரு கார்டு யூஎஸ்பி டாக்ல (லேப்டாப்ல சொருகுற இணைப்புப் பெட்டி) இருக்கிற ஈதர்நெட்.

வெண்புறா:
ஸ்கிரிப்ட் ஆரம்பத்துல ஸ்லீப் 10 போடுங்க. எனக்கு வேலை செஞ்சது.

தறி:
தயவுசெஞ்சு வேண்டாம். பேர் அதுக்கு முன்னாலயே விழுந்துடும். காத்திருந்தாலும் அதே தப்பான கார்டுதான், அந்தப் பத்து நொடியும் ஃபயர்வால் இல்லாம இருப்பீங்க.

கருவண்டு, /இடிசி/சிஸ்டம்டி/நெட்வொர்க்-ல 10-லான்.லிங்க்னு ஒரு ஃபைல் போடுங்க. மேட்ச் பகுதியில உள் கார்டோட மேக் முகவரி (கார்டோட அடையாள எண்), லிங்க் பகுதியில நேம்=லான்0. பேரா ஈத்0 மட்டும் கொடுக்காதீங்க, கெர்னல் அதையே இன்னொரு கார்டுக்குக் கொடுத்திருந்தா மோதும். அப்புறம் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு (பூட் ஆரம்பத்துல ஏறுற ஃபைல் தொகுப்பைப் புதுப்பிக்கிற கமாண்ட்) ஓட்டிட்டு ரீபூட். ஸ்கிரிப்ட்லயும் பேரை மாத்துங்க.

மின்மினி:
பழைய முறையே போதும். இப்போ யூஎஸ்பி கார்டுக்கு ஈஎன்எக்ஸ்னு ஆரம்பிச்சு பின்னால 12 எழுத்து. யார் ஞாபகம் வச்சுப்பாங்க?

ஆலமரம்:
அந்த 12 எழுத்துதான் மேக் முகவரி. எந்தப் போர்ட்ல சொருகினாலும் பேர் மாறாது. ஞாபகத்துக்காக வச்ச பேர் இல்ல அது.

மின்மினி:
ஒரே ஒரு கார்டு இருக்கிற லேப்டாப்புக்கு இது எதுக்கு? ஈத்0-ன்னா எல்லாருக்கும் புரிஞ்சது.

ஆலமரம்:
ஒரு டாக் வாங்குற வரைக்கும் புரியும்.

தறி:
ரெண்டு பேரும் இதுக்குத் தனி இழை போடுங்க, ப்ளீஸ்.

கருவண்டு:
லான்0 ஆயிடுச்சு. திரும்பத் திரும்ப ரீபூட் பண்ணியும் மாறல. நன்றி தறி.

ஆலமரம்:
க்ரப்லேர்ந்து அந்த வரியை எடுத்தீங்களா? எடுத்தா டாக் கார்டோட பேரும் மாறும். /இடிசி/நெட்வொர்க்/இன்டர்ஃபேசஸ்-ல பழைய பேர் இருந்தா அதையும் திருத்தணும்.