புதுப்பிப்பு: மணியைக் கடைசியில் யாரிடம் விட்டோம்

மதுரையில் மச்சினன் கல்யாணம், ஐந்து நாள். எங்கள் நாய் மணியை நாய்க் காப்பகத்தில் விடுவதா, புதுச்சேரி லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டிலேயே ஆள் வைப்பதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பலர் காப்பகம் என்றீர்கள்.

முதல் இடத்துக்குச் சொல்லாமல் போய் நின்றேன். எட்டு நாய்க்கு ஒரே தண்ணீர்த் தொட்டி, ஓரமெல்லாம் பாசி. மூலையில் ஒரு லாப்ரடார் தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல இருமிக்கொண்டிருந்தது. கென்னல் காஃப் என்ற நாய்களின் தொற்று இருமல் காற்றிலும் பரவும், பொதுப் பாத்திரத்திலும் பரவும். மணியின் தடுப்பூசிப் புத்தகத்தை நீட்டினேன். “அதெல்லாம் வேண்டாம் சார், அட்வான்ஸ் கட்டிடுங்க” என்றார் காப்பகக்காரர். வண்டியைத் திருப்பிவிட்டேன்.

இரண்டாவது இடம் நேர்மாறு. வெறிநாய்க்கடி ஊசி எப்போது போட்டது, உண்ணி மருந்து எப்போது கொடுத்தது என்று துருவினார்கள். சோதனைக்கு அரை நாள் விட்டோம். குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் மணி கேட் அருகிலேயே உட்கார்ந்து, தண்ணீர்கூடத் தொடவில்லை.

சரி என்று, எதிர்வீட்டு அக்காவிடமே சாவியைக் கொடுத்தோம். காலையும் மாலையும் நடை, இரவு அவர் மகன் எங்கள் வீட்டில் படுக்கை. மருத்துவர் எண், ‘மணிக்கு எதுவானாலும் உடனே சிகிச்சை செய்யலாம், செலவு எங்களுடையது’ என்று கையெழுத்துப் போட்ட தாள், இரண்டையும் பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். தேவைப்படவில்லை.

முதல் நாள் பட்டினி. என் பழைய லுங்கியை மணி படுக்கும் கூடையில் போடச் சொன்னேன். இரவே தயிர்சாதம் காலி. இப்போது என்னைவிட அக்காவைக் கண்டால்தான் வால் அதிகம் ஆடுகிறது!