150 ஜெம் எத்தனை ரூபாய்?

(வீடியோ விளையாட்டுகளில் போகும் பணத்தைப் பற்றி இணையத்தில் மூன்று பேர் எழுதிய பதிவுகள்)

செல்லூர், ஆறாம் வகுப்புப் பையனின் அப்பா:

போன மாசம் கரண்ட் பில் கட்ட உட்கார்ந்தபோது கணக்கில் பணம் குறைவாக இருந்தது. விவரத்தை எடுத்துப் பார்த்தேன். 29, 79, 159, மறுபடி 29... இரண்டு மாசத்தில் 26 தடவை, மொத்தம் 2,014 ரூபாய்.

என் வீட்டம்மாவுக்குப் போனில் பணம் அனுப்பக் கை வராது. காய்க்காரருக்கும் பால்காரருக்கும் பையன்தான் போட்டுக் கொடுப்பான். பின் நம்பர் அவனுக்கு அத்துபடி. கூப்பிட்டுக் கேட்டேன். "திருடலப்பா, ஜெம்ஸ்தான் வாங்குனேன்" என்றான். போன் விளையாட்டுக்குள் மட்டும் செல்லும் காசுக்குப் பெயர் ஜெம். அடிக்க ஓங்கிய கை அப்படியே இறங்கிவிட்டது. அவன் பொய் சொல்லவில்லை. அவன் கணக்கில் செலவானது ஜெம். ரூபாய் அவன் கண்ணிலேயே படவில்லை.

அன்றைக்கு ராத்திரி அவன் பக்கத்தில் உட்கார்ந்து விளையாட்டைப் பார்த்தேன். துப்பாக்கிக்கு ஒரு புது ஸ்கின், அதாவது மேல்தோற்றம், விலை 150 ஜெம். 159 ரூபாய்க்கு 140 ஜெம்தான் தருவார்கள். பத்து குறையும். அந்தப் பத்துக்காக இன்னொரு 29 ரூபாய். அதில் வருவது 22. ஸ்கின் வாங்கியது போக 12 மிச்சம். மூலையில் கடிகாரம் வேறு ஓடுகிறது, இன்னும் 4 மணி நேரத்தில் ஸ்கின் போய்விடுமாம். ஒரு பெட்டி இருந்தது, காசு கொடுத்துத் திறந்தால் என்ன வரும் என்று திறக்கிறவரைக்கும் தெரியாது. இந்த மாதிரிப் பெட்டிகளைத்தான் 2018இல் பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் சூது என்றே சொல்லி நிறுத்தியது. ஜப்பானில் 2012லேயே அதில் ஒரு வகையைத் தடுத்துவிட்டார்கள். நம் நாட்டில் 2025 ஆகஸ்டில் வந்த சட்டம், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கிற ஆட்டங்களைப் பற்றியது. என் பையன் ஆடியதில் ஜெயித்தாலும் ஒரு பைசா வீட்டுக்கு வராது.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் முகூர்த்த நாளில் மல்லிகை விலை எகிறும், வாங்குகிறவர் வயிறு எரியும். ஆனாலும் விலையை முகத்துக்கு நேராகச் சொல்லி, கண் முன்னே நிறுத்துக் கொடுக்கிறார்கள். பிடிக்கவில்லை என்றால் அரைக் கிலோவோடு திரும்பிவிடலாம். பதினோரு வயசுப் பிள்ளைக்கு அந்தத் தராசுகூட இல்லை. என் ஆத்திரமெல்லாம் அதில்தான்.

அண்ணாநகர், டிவியில் மாட்டி விளையாடும் கன்சோல் வைத்திருப்பவர்:

அண்ணே, எங்கள் பக்கம் விலை வெளிப்படையாகவே ஏறிவிட்டது. அமெரிக்காவில் பல வருஷமாக 60 டாலரில் நின்ற பெரிய விளையாட்டுகள் 2020இல் 70 ஆயின. 2025இல் மரியோ கார்ட் வேர்ல்ட் 80 டாலருக்கு வந்தது. இங்கே 3,999 ரூபாய் கொடுத்த கை 4,999 கொடுக்க ஆரம்பித்தது. ஒரு விளையாட்டைச் செய்ய நூற்றுக்கணக்கான பேர் வருஷக்கணக்கில் உழைக்கிறார்கள். முழுசாகக் கொடுத்தால் அந்த விலையை நான் குறை சொல்ல மாட்டேன். முழு விலையும் வாங்கிக்கொண்டு உள்ளே இன்னொரு கடை விரிப்பதுதான் பொறுக்கவில்லை. 2006இல் ஆப்லிவியன் விளையாட்டில் குதிரைக் கவசத்தை 2.50 டாலருக்கு விற்றபோது ஊரே திட்டியது. இன்றைக்கு அதைவிட அதிகம் கேட்டாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு டிஸ்க் வாங்குவோம். ஒருத்தன் முடித்ததும் அடுத்தவன் வீட்டுக்குப் போகும், கடைசியில் பாதி விலைக்கு விற்றுவிடுவோம். டவுன்லோடு வந்தபிறகு அந்த வழியும் அடைந்துபோனது. வாங்கியதைக் கைமாற்றவே முடியாது.

உசிலம்பட்டி, செல்போன் கடை:

விளையாட்டில் போட்டுக்கொள்ளக் காசு கொடுத்து வாங்கும் ரீடீம் கோடு நானும் விற்றவன்தான். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் யூனிபார்மோடு வருவார்கள். பத்தும் இருபதுமாகக் கசங்கிய நோட்டு. ஒரு நாள் ஒரு பையன் பதினைஞ்சு ரூபாய் குறைகிறது என்று அழுதுகொண்டு நின்றான், அன்றைக்கே அந்த 'ஈவென்ட்' முடிகிறதாம். நான் கொடுக்கவில்லை. ஒரு வாரம் கழித்து அவன் ஆச்சி வந்து, சுருக்குப்பையில் இருந்த காசைக் காணோம், தம்பி இங்கே வந்தானா என்று கேட்டது. நூறு நாள் வேலைக்குப் போய்ச் சேர்த்த காசு. அன்றிலிருந்து யூனிபார்மில் வருகிறவர்களுக்குக் கோடு விற்பதில்லை. மாசம் கொஞ்சம் வருமானம் போச்சு, போகட்டும். செல்லூர்க்காரரே, உங்கள் பணம் திரும்பி வந்ததா?

மறுபடி செல்லூர்:

உசிலம்பட்டி ஐயா, உங்கள் பதிவை வீட்டம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

பணம் திரும்பி வந்ததா என்று கேட்டிருந்தீர்கள். கடைசியாக வாங்கிய இரண்டுக்கு மட்டும் வந்தது, மற்றதற்கு நாள் கடந்துவிட்டதாம். அமெரிக்காவில் ஃபோர்ட்நைட் என்ற விளையாட்டை நடத்தும் நிறுவனம் பட்டன்களை வைத்து ஆட்களைத் தெரியாமல் வாங்க வைத்ததாக 2022இல் வழக்காகி, திருப்பித் தர 24.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அங்கே கேட்க ஓர் அமைப்பு இருந்தது.

பின் நம்பரை மாற்றிவிட்டோம். எதை வாங்கினாலும் பாஸ்வேர்டு கேட்கிற மாதிரி போனில் வைத்தாயிற்று. வீட்டம்மா இப்போது பால்காசை அவரே அனுப்பப் பழகுகிறார், பையன் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்கிறான்.

விளையாட்டை நான் பிடுங்கவில்லை. நேற்று அவன் கணக்கைத் திறந்து காட்டினான். அந்த 12 ஜெம் அப்படியே கிடக்கிறது. கடை முழுக்கத் தேடிப் பார்த்தோம், 12க்கு ஒரு பொருளும் இல்லை.