டெஸ்லா மாடல் 3 பெர்ஃபார்மன்ஸ் கார், 18 இஞ்ச் வீல் பின்னுக்கு ஒட்டி இருக்குதில்லை. அவசரம்!

மார்க்கம்_மயூ:
20 இஞ்ச் வீலைக் கழட்டிப்போட்டு 18 போடுறன். ஸ்னோ ரயரோட செற்றா வாங்கினது. முன்னுக்கு ஏறீட்டுது, பின்னுக்கு ஒட்டி இருக்குதில்லை, ஆடுது. நட்டை இறுக்கினாச் சரிவரும் எண்டு ரயர் கடைக்காரன் சொல்லுறான். இறுக்கலாமோ? நாளைக்கு ஒட்டாவா போகவேணும். கெதியாச் சொல்லுங்கோ.

நட்டுபோல்ட்டு:
எந்த வருஷ வண்டி? வீல் டெஸ்லாவோடதா, வெளில வாங்கினதா? டயர் சைஸ், ஆஃப்செட் (வீல் உள்ள வெளிய எவ்வளவு தள்ளி உக்காருது)? ஒண்ணும் சொல்லாம 'ஆடுது'ன்னா இங்க ஜோசியமா பாக்குறோம்?

கோவை_சார்ஜர்:
ஹப்புல, அதான் வீல் மாட்டுற நடுப்பகுதில, துரு ஏறியிருக்கும்ங்க. உப்புத்தாள் வெச்சு நல்லா தேச்சுட்டு மாட்டுங்க. வீலோட நடு ஓட்டை, அதான் சென்டர் போர், சின்னதா இருந்தாலும் இப்படித்தான் ஆகும்.

நட்டுபோல்ட்டு:
ரெண்டு வீலுக்கும் சென்டர் போர் 64.1 மி.மீ. தான். தேடிப் பாத்துட்டு எழுதலாமே சார்.

செல்வி_அக்கா:
தம்பி, இறுக்கிப்போட்டு ஓடாதேங்கோ. பெர்ஃபார்மன்ஸ் காரின்ர பின் பிரேக் டிஸ்க்கில, வீல் வந்து படியிற முகத்தில, நடுவைச் சுத்தி ஒரு விளிம்பு மேலெழும்பி நிக்கும். அதோட வந்த 20 இஞ்ச் வீலில அதுக்கெண்டு குழிச்சு விட்டிருப்பாங்கள். லோங் ரேஞ்ச் எண்ட மற்ற மாடல் 3இன்ர 18இல அந்தக் குழிவு இல்லை. வீல் விளிம்பில குந்திக்கொண்டிருக்கும், தட்டையான இடத்தில படியாது. இறுக்கினா அப்ப பிடிச்ச மாதிரித்தான் தெரியும், ஓடேக்க நட்டு இளகும். விரலை வைச்சுத் தடவிப் பாருங்கோ, படி மாதிரித் தட்டுப்படும். உங்கட வீல் லோங் ரேஞ்சில கழட்டினதோ?

மார்க்கம்_மயூ:
ஓம் அக்கா, அதேதான். ஏரோ வீல், காத்துக்கு மூடி போட்டது. கார் 2020. ரயர் 235/45. படி கிடக்கு.

கோவை_சார்ஜர்:
அப்ப ஸ்பேசர், அதான் ஹப்புக்கும் வீலுக்கும் நடுவுல வெக்கிற தட்டு, போட்டா முடிஞ்சுதுங்க. ஆனா வீல் சின்னதானா ஸ்பீடோமீட்டர் தப்பாக் காட்டும், அதையும் பாத்துக்கோங்க.

நட்டுபோல்ட்டு:
கணக்கு போடுங்க சார். ரிம்மோட ரெண்டு பக்க டயர் சுவரைக் கூட்டணும், சுவர் 235 மி.மீ. அகலத்துல 35 இல்ல 45 சதவீதம். 235/35 ஆர்20: 508 + 164.5 = 672.5 மி.மீ. 235/45 ஆர்18: 457.2 + 211.5 = 668.7. நாலு மி.மீ. கூட இல்ல. நூறுல போகும்போது அரை கிலோமீட்டர் வித்தியாசம் வரும். ரிம்முதான் சின்னது, டயர் அதே உயரம். இது அரிச்சுவடி.

கிலோவாட்_குமரன்:
ரேஞ்சும், அதான் ஒரு சார்ஜ்ல ஓடுற தூரமும், ஏறும். 2020 மாடலுக்கு அமெரிக்க சுற்றுச்சூழல் அமைப்பு ஈபிஏவோட கணக்கு 20 இஞ்சுல 299 மைல், 18ல 322. வெயிட் குறையுதுல்ல.

நட்டுபோல்ட்டு:
ஹைவேல ஒரே வேகத்துல போறப்ப வெயிட் என்ன பண்ணும்? காத்தும் ரப்பரும்தான் கணக்கு. 20ல வர்றது பைலட் ஸ்போர்ட் 4எஸ், ஒட்டிப் பிடிக்கிற ரப்பர். 18ல உருளுறதுக்கு லேசான ஆல் சீசன், மேல ஏரோ மூடி வேற.

கிலோவாட்_குமரன்:
சிட்டில நின்னு நின்னு போறவனுக்கு வெயிட் முக்கியம்தான்.

நட்டுபோல்ட்டு:
வேகம் குறையிறப்ப மோட்டாரே பேட்டரிக்குக் கரண்ட்டைத் திருப்புற ரீஜென்ல பாதிக்கு மேல திரும்பி வந்துடுது. பெட்ரோல் கார் புத்தியை விடுங்க.

கிலோவாட்_குமரன்:
நீங்க ஈவி வாங்கி எத்தனை நாள் ஆச்சு?

செல்வி_அக்கா:
சண்டையை வேற இழையில பிடியுங்கோ. மயூ, ஸ்பேசர் போடுறதெண்டா அந்த விளிம்பை முழுசா விழுங்கிற அளவுக்கு நடுஓட்டை இருக்கவேணும், ஹப்பிலயும் பிடிக்கவேணும். பிறகு நட்டைக் கையால சுத்தி எண்ணுங்கோ. ஸ்டட், நட்டு ஏறுற ஆணி, 14 மி.மீ., மரை ஒரு சுத்துக்கு 1.5 மி.மீ. ஒம்பது பத்துச் சுத்தாவது ஏறாட்டி விட்டிடுங்கோ. கடைசியா இறுக்கத்தை அளக்கிற ரோர்க் ரெஞ்சால 175 நியூட்டன் மீட்டர். என்னைக் கேட்டா, குழிவு வெட்டின 18 இஞ்ச் வீல் விக்கிறாங்கள், அதை வாங்கிறது மேல். ஒட்டாவாவுக்கு வேற காரில போங்கோ.

கோவை_சார்ஜர்:
ஸ்கிரீன்ல வீல் கான்ஃபிகரேஷனை 18க்கு மாத்த மறந்துடாதீங்க. இல்லைன்னா மீதி ரேஞ்சு தப்பாக் காட்டும்.

நட்டுபோல்ட்டு:
இது சரி.

நட்டுபோல்ட்டு:
மயூ, என்ன ஆச்சு? ஆளையே காணோம்?

மார்க்கம்_மயூ:
வேற வீல் எடுத்தாச்சு. ஒட்டி இருக்கு. பழைய செற்றை வித்திட்டன். ரயர் பிரஷர் லைற் மட்டும் எரியுது. நன்றி அக்கா.

புது_வரவு:
எனக்கும் இதே டவுட். என்னோடது 2024 பெர்ஃபார்மன்ஸ். நாலுக்கும் 235/45 ஆர்18 போடலாமா?

நட்டுபோல்ட்டு:
உங்க வண்டில பின்னாடி 275/30, முன்னாடி 235/35. அது வேற வண்டி. தனி இழை போடுங்க, வீல் விவரத்தோட.