‘நம்ம குடும்பம்’ குழுவில் நிவேதாவின் பேச்சுத் தேர்வு

நிவேதா: எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் எனக்கு ஐஇஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் திறன் தேர்வு. ஸ்பீக்கிங் பகுதிக்காக நூற்றைம்பது இடியம், அதாவது மரபுத்தொடர், மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். ‘உங்களுக்கு உதவிய ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்ற தலைப்புக்கு ஒரு பதில் எழுதினேன். கவிதா சித்தி, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்.

நிவேதா: “மை பிரதர் இஸ் த ஆப்பிள் ஆஃப் மை ஐ. லாஸ்ட் இயர் ஐ ப்ரோக் மை லெக் அண்ட் வாஸ் அண்டர் த வெதர் ஃபார் டூ மன்த்ஸ். ஹி ஸ்டுட் பை மீ த்ரூ திக் அண்ட் தின். ஹி டோல்ட் மீ டு பைட் த புல்லட் அண்ட் டூ மை எக்ஸர்சைஸஸ். ஸோ இட் வாஸ் எ பீஸ் ஆஃப் கேக்.”

சேகர் மாமா: ஐந்து வரியில் ஐந்து இடியம்! பிரமாதம் நிவி.

நிவேதா: நன்றி மாமா. இன்னும் இரண்டு சேர்க்கலாமா என்று பார்க்கிறேன்.

கவிதா சித்தி: சேர்க்காதே நிவிம்மா, குறைக்கத்தான் வேண்டும். விஷயம் நன்றாக இருக்கிறது. உன் தம்பி உன்னை எழுப்பி நடக்க வைத்தது எனக்கே தெரியும். ஆனால் இதைக் கேட்கிறவருக்கு உன் தம்பி தெரியமாட்டான், நீ மனப்பாடம் செய்த பட்டியல்தான் தெரியும்.

கவிதா சித்தி: ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ‘அண்டர் த வெதர்’ என்பது லேசான உடல்நலக் குறைவு. சளி, தலைவலி, இரண்டு நாள் சோர்வு, அவ்வளவுதான். கால் எலும்பு முறிந்து இரண்டு மாதம் படுத்திருந்ததற்கு அது பொருந்தாது. ‘பைட் த புல்லட்’ சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. தவிர்க்க முடியாத கஷ்டத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்து முடிப்பதைத்தான் அப்படிச் சொல்வார்கள். அதை வைத்துக்கொள். ஆனால் அடுத்த வரியிலேயே ‘பீஸ் ஆஃப் கேக்’ என்கிறாய். பல்லைக் கடித்துச் செய்ததாகச் சொல்லிவிட்டு, ஊதித் தள்ளிவிட்டேன் என்றால் எதை நம்புவது?

நிவேதா: அட, ஆமாம் சித்தி. தனித்தனியாகப் படித்தபோது இது தோன்றவே இல்லை.

கவிதா சித்தி: பட்டியலாகப் படித்தால் தோன்றாது. ‘ஆப்பிள் ஆஃப் மை ஐ’ பெரும்பாலும் பெரியவர்கள் தங்கள் செல்லப் பிள்ளையைச் சொல்வது. நீ தம்பியைச் சொன்னால் குற்றமில்லை, ஆனால் இருபத்திரண்டு வயதுப் பெண் வாயில் அது இயல்பாக வராது.

அகிலன்: சித்தி, ஆனால் ஏழு பாண்டு, அதாவது ஏழாம் மதிப்பெண் நிலை, வாங்க இடியம் கட்டாயம் என்று எல்லா யூடியூப் வகுப்பிலும் சொல்கிறார்களே?

கவிதா சித்தி: மதிப்பெண் விளக்கத்தையே எடுத்துப் பார்க்கலாம் அகில். ஸ்பீக்கிங்குக்கு நான்கு அளவுகோல். சரளமும் கோர்வையும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்குக்கும் சமமான எடை. சொல்வளத்தில் ஏழாம் பாண்டுக்கு, அவ்வளவாகப் புழங்காத, இடியமேட்டிக்கான சொற்கள் ‘சில’ பயன்படுத்த வேண்டும் என்று இருக்கிறது. அதோடு நடையும், எந்தச் சொல்லோடு எது சேரும் என்ற உணர்வும் வேண்டும். இடியமேட்டிக் என்றால் பூனையும் நாயும் மழையாகப் பொழிவது மட்டும் இல்லை. அந்த மொழிக்காரர் இயல்பாகச் சொல்கிற எல்லாமே அதில் அடங்கும். ‘கெப்ட் மீ கோயிங்’, ‘கிவ் அப்’, ‘இட் டுக் மீ எ வைல்’ எல்லாமே கணக்கில் வரும். இவையெல்லாம் அந்த யூடியூப் பட்டியலில் இருக்காது, ஏனென்றால் வேடிக்கையாகத் தெரியாது.

சேகர் மாமா: பூனை நாய் என்றதும் ஞாபகம் வந்தது. இது எனக்கு வந்த ஃபார்வர்டு: “பழைய காலத்தில் இங்கிலாந்தில் வீடுகளுக்குக் கூரை வேய்ந்திருப்பார்கள். பூனையும் நாயும் அதில் படுத்திருக்கும். பலத்த மழை பெய்தால் வழுக்கிக் கீழே விழும். அதிலிருந்துதான் ‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ வந்தது. அனைவருக்கும் பகிரவும்.”

கவிதா சித்தி: அண்ணா, அது உண்மை இல்லை. 1500களின் வாழ்க்கை எப்படி இருந்தது என்று 1999 வாக்கில் மின்னஞ்சலில் சுற்றிய ஒரு கட்டுக்கதையின் துண்டு அது. கூரை சரிவாக வேய்ந்திருக்கும், நாய் அதில் ஏறிப் படுக்காது. அந்தத் தொடர் உண்மையில் எப்படிப் பிறந்தது என்பதில் ஆய்வாளர்களுக்கு ஒத்த கருத்து இல்லை. ஆனால் உறுதியான ஒரு தகவல் நிவிக்கு உதவும். எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் 1738-இல் மேட்டுக்குடி மக்களின் உரையாடல்களைத் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார். பேசிப் பேசித் தேய்ந்த சொற்றொடர்களை அடுக்கிக் கிண்டல் செய்வதுதான் அதன் நோக்கம். இந்தத் தொடர் அதில் இருக்கிறது.

நிவேதா: அப்போதே பழசா!

கவிதா சித்தி: அப்போதே. இன்றைக்கு ஆங்கிலேயர் பலரும் ‘இட்ஸ் போரிங் டவுன்’ என்றுதான் சொல்கிறார்கள். ‘போரிங்’ என்றால் இங்கே கொட்டுவது, சலிப்பு இல்லை. உச்சரிப்பைக் கேட்டுப் பழகு.

மீனா பெரியம்மா: கவி, எனக்கும் ஒரு சந்தேகம். இங்கே இங்கிலாந்தில் பக்கத்து வீட்டு அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் ‘யூ ஆல்ரைட்?’ என்று கேட்கிறார். என் முகம் நோயாளி மாதிரி இருக்கிறதா? நேற்று எனக்கு முட்டி வலி என்று விவரமாகச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கொஞ்சம் திகைத்துப் போனார்.

கவிதா சித்தி: அக்கா, உங்கள் முகத்துக்கு ஒரு குறையும் இல்லை! அது அந்த ஊர் வணக்கம். நாம் ‘என்ன, சௌக்கியமா’ என்று கேட்டுக்கொண்டே நடந்து போவதில்லையா, அது போல. ‘யெஸ் தேங்க்ஸ், யூ?’ என்று திருப்பிக் கேட்டுவிடுங்கள். போதும். அவரோடு நன்றாகப் பழகியபின் முட்டி வலியைச் சொல்லலாம், அதில் தப்பே இல்லை.

மீனா பெரியம்மா: அப்பாடா. இன்னொன்று. டாக்டரைப் பார்க்க நேரம் கேட்டுப் போன் செய்தால் அந்தப் பெண் ‘ஐ ஆம் அஃப்ரெய்ட்’ என்று தொடங்குகிறாள். அவள் எதற்குப் பயப்படுகிறாள்?

அகிலன்: அம்மா, அப்படித் தொடங்கினாலே ‘இல்லை’ என்று வரப்போகிறது என்று அர்த்தம். ‘மன்னிக்கணும், இன்று நேரம் இல்லை’ என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்.

கவிதா சித்தி: சரியாகச் சொன்னாய். ‘பேர் வித் மீ’ என்றால் கொஞ்சம் பொறுங்கள். எதையாவது நீட்டும்போது ‘ஐ ஆம் குட்’ என்றால் எனக்கு வேண்டாம். ‘வீ மஸ்ட் கேட்ச் அப் சம்டைம்’ என்று விடைபெறும்போது சொன்னால் நாள் குறித்த அழைப்பு இல்லை, அன்பான வார்த்தை. நாளும் நேரமும் சொன்னால்தான் அழைப்பு. என் வகுப்புக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் இவற்றைத்தான் சொல்லித் தருகிறேன். வேறு நாட்டில் போய் வாழ்கிறவர்களை நாள்தோறும் தடுமாற வைப்பது இந்தச் சின்னச் சொற்கள்தான்.

அகிலன்: ஆபீஸில் எங்களுக்கும் இப்படி நடக்கும். எங்கள் குழுவில் பாதிப் பேர் லண்டன், மீதி அமெரிக்கா. ‘லெட்ஸ் டேபிள் திஸ்’ என்று லண்டன்காரர் சொன்னால் இதை இப்போதே பேச எடுத்துக்கொள்வோம் என்று பொருள். அமெரிக்கர் சொன்னால் ஒத்திப் போடுவோம் என்று பொருள். நேர் எதிர்.

சேகர் மாமா: இது எனக்குத் தெரியும். இரண்டாம் உலகப் போர் பற்றிய தன் நினைவு நூலில் சர்ச்சில் இதை எழுதியிருக்கிறார். பிரிட்டிஷ் அதிகாரிகள் ஓர் அவசர அறிக்கையை ‘டேபிள்’ செய்ய வேண்டும் என்றார்கள். அமெரிக்கர்கள் கூடவே கூடாது என்று நெடுநேரம் வாதிட்டார்கள். இரண்டு பேரும் விரும்பியது ஒன்றே என்பது பிறகுதான் புரிந்தது.

அகிலன்: ஆமாம் மாமா. அதனால் இப்போது நான் அந்தச் சொல்லையே தொடுவதில்லை. ‘இன்றைக்குப் பேசலாம்’, ‘அடுத்த வாரம் பேசலாம்’ என்று நேராக எழுதிவிடுகிறேன். ‘பால்பார்க் ஃபிகர்’ என்றால் தோராயக் கணக்கு, ‘டச் பேஸ்’ என்றால் தொடர்புகொண்டு பேசுவது. இரண்டும் பேஸ்பால் ஆட்டத்தோடு சேர்ந்த பேச்சு. அந்த ஆட்டமே தெரியாதவர்களும் கூட்டத்தில் இருப்பார்கள். கேட்டால் புரிந்துகொள்வேன், நானாகச் சொல்லமாட்டேன்.

கவிதா சித்தி: நிவி, அகில் சொன்ன கடைசி வரியைக் குறித்துக்கொள். காதுக்கு எத்தனை இடியம் வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். வாய்க்கு மிகச் சில போதும்.

நிவேதா: அப்படியானால் எதை வாயில் வைத்துக்கொள்வது, எதைக் காதோடு விடுவது என்று எப்படித் தெரியும் சித்தி?

கவிதா சித்தி: நல்ல கேள்வி. முதலில், யார் யாரிடம் சொன்னார்கள் என்று பார். ‘கிக் த பக்கெட்’ உன் பட்டியலில் இருக்கும். பொருள் ‘இறந்துபோனார்’ என்று போட்டிருப்பார்கள். ஒரு தோழியின் தாத்தா காலமானால் அவளுக்கு அப்படி எழுதிவிடாதே. தமிழில் ‘மண்டையைப் போட்டார்’ என்பதற்கும் ‘காலமானார்’ என்பதற்கும் உள்ள தூரம் அங்கேயும் இருக்கிறது. ‘பாஸ்ட் அவே’ என்பதுதான் அங்கே மரியாதையான சொல்.

கவிதா சித்தி: அடுத்தது உருவம். ‘அத்தி பூத்தாற்போல’ என்பதை நாம் ‘அத்திகள் பூத்தன போல’ என்று மாற்றமாட்டோம். ‘த பக்கெட் வாஸ் கிக்ட்’ என்றால் யாரோ வாளியை உதைத்தார்கள் என்றுதான் அர்த்தமாகும், இறந்த செய்தி போய்விடும். ஆனால் ‘ஸ்பில் த பீன்ஸ்’, அதாவது ரகசியத்தைப் போட்டு உடைப்பது, கொஞ்சம் வளைந்து கொடுக்கும். ‘த பீன்ஸ் வேர் ஸ்பில்ட்’ என்று எழுதுகிறார்கள். எது வளையும், எது வளையாது என்பதற்கு விதி சொல்லித் தர முடியாது. பலமுறை கேட்டால்தான் பிடிபடும். கேட்டதை முழு வாக்கியமாக நோட்டில் எழுது, இடியத்தை மட்டும் பிய்த்து எழுதாதே.

சேகர் மாமா: அகராதி பார்த்தால் போதாதா கவி?

கவிதா சித்தி: சாதாரண அகராதி போதாது அண்ணா. ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு, லாங்மேன் அகராதிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. பேச்சு வழக்கா, பழைய வழக்கா, பிரிட்டிஷா, அமெரிக்கனா என்று பக்கத்திலேயே குறிப்புப் போட்டிருப்பார்கள். பொருளைவிட அந்தக் குறிப்பைத்தான் முதலில் படிக்க வேண்டும். ‘பழைய வழக்கு’ என்று பார்த்தால் காதோடு நிறுத்திக்கொள்.

நிவேதா: திருத்தி எழுதினேன் சித்தி. “லாஸ்ட் இயர் ஐ ப்ரோக் மை லெக் அண்ட் ஐ வாஸ் ஸ்டக் இன் பெட் ஃபார் டூ மன்த்ஸ். த எக்ஸர்சைஸஸ் ரியலி ஹர்ட், அண்ட் ஐ வாண்டட் டு கிவ் அப். மை பிரதர் கெப்ட் மீ கோயிங். எவ்ரி ஈவினிங் ஹி சாட் ஆன் த ஃப்ளோர் அண்ட் டிட் தெம் வித் மீ. ஸோ ஐ பிட் த புல்லட்.”

மீனா பெரியம்மா: தரையில் உட்கார்ந்து அவனும் கூடவே செய்தானா? இது எனக்குத் தெரியாதே! கண்ணே, படிக்கும்போதே மனசு நிறைந்துவிட்டது.

கவிதா சித்தி: பாருங்கள் அக்கா, முதல் பதிலில் இது இல்லவே இல்லை. இன்ப துன்பத்தில் கூட நின்றான் என்கிற ‘திக் அண்ட் தின்’ அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. நிவி, இதுதான் பதில். கடைசி வரிக்குப் பின் நீ எப்போது எழுந்து நடந்தாய் என்பதையும் சொல், கேட்கிறவர் அதற்காகக் காத்திருப்பார். ஸ்பீக்கிங் தேர்வின் இரண்டாம் பகுதியில் தயாராக ஒரு நிமிடம் தருவார்கள். பேச இரண்டு நிமிடம் வரை. முழு பதிலையும் மனப்பாடம் செய்யாதே. மனப்பாடம் என்பது குரலிலேயே தெரிந்துவிடும்.

நிவேதா: சரி சித்தி. அப்படியானால் நாளை மாலை நீங்களே ஒரு புதுத் தலைப்பு கொடுங்கள். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, எழுதாமல் பேசி வாய்ஸ் நோட் அனுப்புகிறேன்.

கவிதா சித்தி: ஆறு மணிக்குத் தலைப்பு வரும். அகில், நீயும் கேட்டுவிட்டுச் சொல், எந்த இடத்தில் உனக்குப் புரியவில்லை என்று.

அகிலன்: கண்டிப்பாக.